அடைப்புக்குறிக்குள்ள ஒரு சிரிப்பு

விரல்ல ஒட்டிக்கற அந்த பேப்பர் மை வாசனை இருக்கே... இன்னிக்கும் காலையில புது பேப்பரப் பிரிச்சா முதல்ல ஒரு பழைய பயம் எட்டிப் பார்க்கும். அப்புறம்தான் சிரிப்பு வரும்.

அறுபதுகளோட நடுவுல, விழுப்புரத்துல நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதுசு. தினமும் திண்டிவனத்துலருந்து பஸ். ஸ்டாஃப் ரூமுக்கு மெட்ராஸ் பேப்பர் வந்ததும் எல்லாரும் அதுமேல பாய்வோம். எல்லையில சண்டை ஓய்ஞ்ச சமயம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பீரங்கி வண்டிப் படம்தான்.

அப்போ எங்க அப்பா எம்.பி.

அட, பெருசா நினைச்சுக்காதீங்க. பெருமுக்கல் பக்கம் நெல்லும், மல்லாட்டைன்னு நாங்க சொல்ற வேர்க்கடலையும் போட்டுக்கிட்டிருந்த மனுஷன். ஊர்ல ஒரு வழக்குன்னா நாள் பூரா பேசுவார். டெல்லிக்குப் போனதும் வாய்க்குப் பூட்டு விழுந்துடுச்சு. இங்கிலீஷ் பயம்! போய் வருஷங்கள் ஆகியும் சபையில எழுந்து நின்னு ஒரு வார்த்தை பேசல. பஸ்ல அவருக்கு ஒரு பேரே வச்சுட்டாங்க...

"ஊமை எம்.பி."

நான் பின் சீட்ல இருக்கறது தெரியாம சொல்வாங்க. சில பேர் தெரிஞ்சேதான் சொல்வாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா அந்தப் பேரு மட்டும் அப்பா காதுக்குப் போயிடக் கூடாதுன்னு அம்மாவும் நானும் உறுதியா இருந்தோம். ரோஷக்கார மனுஷன். கேள்விப்பட்டா பதவியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு மண்வெட்டியத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிடுவார்.

அந்த ஐப்பசி மழையில எங்க ஏரிக் கரை உடைஞ்சுது. நட்ட பயிரெல்லாம் தண்ணியோட போச்சு. அப்பா போய்ப் பார்த்துட்டு வந்து, சேத்துக் காலைக்கூடக் கழுவாம சொன்னார்... "இந்த வாட்டி பேசிட்டுதான் வருவேன்."

மாட்டுக் கொட்டாய்ல ஒத்திகை.

"மிஸ்டர் ஸ்பீக்கர் சார்... அவர் டேங்க்ஸ் ஆர் ப்ரோக்கன்..."

ஏரிக்கு இங்கிலீஷ்ல டேங்க்தானே? கரையில நிக்கிற பி.டபிள்யூ.டி. போர்டுலயே அப்படித்தான் எழுதியிருக்கும். எங்க யாருக்கும் வேற எதுவும் தோணல. மாடு அசை போட்டுக்கிட்டே கேட்டுச்சு, அதுவும் ஒண்ணும் சொல்லல.

அப்பா டெல்லி போன கொஞ்ச நாள்ல, ஸ்டாஃப் ரூம்ல பேப்பரப் பிரிக்கிறேன்... உள் பக்கத்துல ஒரு மூலையில அப்பா பேரு! ரெண்டே வரி. தன்னோட பகுதி ஏரிகள் உடைஞ்சு கிடக்கறதப் பத்திப் பேசினார்னு போட்டு, பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள ஒரு வார்த்தை.

(சிரிப்பு)

அவ்வளவுதான். யார் சிரிச்சாங்க, எதுக்குச் சிரிச்சாங்க... ஒண்ணும் கிடையாது.

தமிழ் டீச்சர் எட்டிப் பார்த்துட்டு, "இன்னா டீச்சர், சிரிப்புன்னு போட்டுக்கீறான்?"னாங்க. நான் பேப்பர மடிச்சு வச்சுட்டு கிளாசுக்குக் கிளம்பிட்டேன். சாயங்காலம் பஸ்ல கண்டக்டரே டிக்கெட் கிழிச்சுக்கிட்டே பக்கத்து ஆள்கிட்ட சொல்றார்... "ஊமை வாயத் தெறந்துச்சாம்பா. டெல்லியே சிரிக்குதாம்!"

வீட்டுல அம்மா அந்த ரெண்டு வரிய என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாங்க. "ஏரி ஒடஞ்சதுக்கு எவனாவது சிரிப்பானாடி? இவரு இங்கிலீசுக்குதான் சிரிச்சிருக்கானுங்க"ன்னு அழுதாங்க. எலெக்‌ஷன் வேற நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. ஆனா எனக்கு ஓட்டு கவலை இல்ல. இனிமே அந்த மனுஷன் எங்கயும் வாயே திறக்க மாட்டாரேன்னுதான் பயம்.

வீட்டுல போன் கிடையாது. கூட்டத்தொடர் முடிஞ்சு அவர் வர்ற வரைக்கும் நாங்க பட்ட பாடு இருக்கே...

வந்தார். பெட்டிய வச்சார். கேப்பைக் கூழ் கேட்டார். முகத்துல ஒண்ணும் தெரியல. அம்மாவுக்குப் பொறுக்கல.

"இன்னாங்க... சிரிச்சாங்களாமே?"

"ஆமா. நல்லாச் சிரிச்சாங்க."

எனக்கு உயிரே போயிடுச்சு. அவர் நிதானமா ஒரு வாய் குடிச்சுட்டு சொல்றார்...

"வடக்கத்தி எம்.பி. ஒருத்தரு எழுந்து, 'உங்க ஊருக்கு டேங்க் இன்னாத்துக்கு? எந்த எதிரியச் சுடப் போறீங்க?'ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணியும் புரியல. அப்பறம்தான் ஒறைச்சுது... மனுசன் பீரங்கி வண்டிய நெனச்சிக்கினு பேசறாரு! நான் சொன்னேன்... 'யுவர் டேங்க் கில்ஸ் எனிமி, சார். மை டேங்க் கில்ஸ் ஹங்கர்!' அதுக்குத்தான் சபையே சிரிச்சிது. கேட்டவரே மேசையத் தட்டினாரு."

உங்க டேங்க் எதிரியக் கொல்லும், எங்க டேங்க் பசியக் கொல்லும்!

"அப்பாடா"ன்னேன். அம்மா முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "இத ஒரு தந்தி குடுத்துச் சொல்லக் கூடாதா?"ன்னு கோவிச்சாங்க.

"தந்தியில இன்னான்னு குடுக்கறது? நான்தான் சிரிக்க வச்சேன்னா?"

அடுத்த மழைக்கு முன்னாடி கரைய அடைச்சாங்க. அப்பா பேசினதாலயா, அவங்களே வந்தாங்களா... தெரியாது. ஆனா அந்த பதில் ஊர் பூரா பரவினதும், பஸ்ல அந்தப் பேரு மட்டும் போயே போச்சு.

இருந்தாலும் உண்மையச் சொல்றேன், மனசோட ஒரு மூலையில எனக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்துச்சு. எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அப்பா ரயில்ல வரும்போது யோசிச்சு வச்ச பதிலோ அது?

இப்ப பார்லிமென்ட்ல யார் இருமினாலும் லைவ்ல தெரியுது. அன்னிக்கு ஒத்தை வார்த்தைய வச்சுக்கிட்டு எங்களுக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு. போன வாரம் என் பேரன், பழைய விவாதமெல்லாம் நெட்லயே இருக்கு பாட்டின்னு தேடி எடுத்துக் குடுத்தான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு படிச்சேன். இருக்கு! எனிமி, ஹங்கர்... அப்பா சொன்ன அதே வார்த்தைங்க. இத்தனை வருஷம் கழிச்சு ரெண்டாவது தடவை "அப்பாடா"ன்னேன்.

அதோட விட்டிருப்பேன். கீழ இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. நேரம் முடிஞ்சுதுன்னு ஸ்பீக்கர் உட்காரச் சொல்றார். அப்பா சொல்றார்...

"ஒன் மினிட், சார். எங்க ஊர்ல என்னை ஊமை எம்.பி.ன்னு கூப்பிடறாங்க. இப்ப உட்கார்ந்துட்டா அவங்க சொல்றது சரியாப் போயிடும்."

அந்தப் பேர அவர்கிட்டருந்து மறைக்க நாங்க எவ்வளவு பாடுபட்டோம்! அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட கடைசி வரைக்கும் காட்டிக்கவே இல்ல.

அந்த வரி முடியற இடத்துலயும் அடைப்புக்குறிக்குள்ள சிரிப்புன்னு போட்டிருக்கான். இந்தத் தடவை நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.