எல்லாச் சேவையும் இருக்கட்டும்

சின்னமனூரில் நான் டிடிபி கடை வைத்திருந்த காலம். இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அது ஓடினால்தான் கடை. நின்றால் நான் வீட்டுக்குப் போய் அரிசி களையலாம். எங்களைப் போன்ற கடைகளுக்கென்றே, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்ளத் தமிழில் லினக்ஸ் சிடி போட்டு இலவசமாகத் தரப்போவதாகத் தேனியில் ஒரு சங்கம் கிளம்பியது. அதில் எதையெல்லாம் வைப்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம். என் கெட்ட நேரம், நானும் போனேன்.

கம்ப்யூட்டரைப் போட்டதுமே யாரும் கேட்காமல் பின்னால் ஓட ஆரம்பிக்கும் வேலைகள் உண்டு. சர்வீஸ் என்பார்கள். மெயில் சர்வர், வெப் சர்வர், புளூடூத் என்று ஒரு பட்டாளம்; ஒவ்வொன்றும் மெமரியைத் தின்னும். எனக்கு அச்சடிக்க முடிந்தால் போதும். சங்கத்துப் பண்டிதர்களோ அதற்குத் தமிழில் ‘சேவை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கேதான் சனி பிடித்தது.

“மெயில் சேவைய நிறுத்திரலாங்களா?” என்று கேட்டேன். தலைவர் ஏலக்காய் வியாபாரி. அவர் மவுஸைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னாத்தா பேசுற? நம்ம சங்கமே சேவைக்குன்னுதான இருக்கு. சேவைய நிறுத்துனா நாலு பேரு காறித் துப்ப மாட்டாகளா? எல்லாம் இருக்கட்டும்!”

படித்த கழுதைகள் அத்தனையும் கைதட்டின. சேவை வேண்டாமென்று கைதூக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பார்கள் என்பது என் விஷயத்தில் நிஜமாயிற்று. சிடி வெளிவந்ததும் வாங்கிவந்து ஏற்றினேன். ஒருநாள் காலை கரண்ட் போய் வந்த நேரம், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்காக ஒருவர் ஓடிவந்தார். திரையில் ஒவ்வொரு சேவையாகச் சோம்பல் முறித்து எழுந்துகொண்டிருந்தது.

“பொணத்த எடுக்கணும்த்தா. இங்கன நின்னுக்கிட்டிருந்தா ஆகுமா?” என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அதன்பின் அவர் தெருவே அங்கேதான் போனது. எதை எப்படி நிறுத்துவது என்று கேட்கலாமென்றால், சங்கத்தில் ஃபோனை எடுக்க ஒரு நாதியில்லை. லினக்ஸை அழித்துவிட்டுப் பழைய திருட்டு விண்டோஸையே ஏற்றினேன். கடை மூச்சுவிட்டது.

பிறகு தலைவர் சங்கத்தின் ஆண்டு விழா நோட்டீஸ் அடிக்க வந்தார். நான் தட்டத் தட்ட எழுத்து வந்து விழுவதைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

“பாத்தியா, நம்ம சிடி என்னா வேகம்!”

“இது உங்க சிடி இல்லீங்கய்யா. திருட்டு சிடி.”

கொஞ்சம்கூட அசரவில்லை மனிதர்.

“நல்லாத்தான இருக்கு? அதையும் நம்ம சிடில சேத்துருவோம்.”