சாணி மெழுகிய கரண்ட் அடுப்பு

கரண்டைக் கண்டு பயப்படாதீர்கள் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். நாற்பதுகளில் மவுண்ட் ரோடில் எங்கள் மின்சாரக் கம்பெனிக்கு ஒரு ஷோரூம் இருந்தது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், விசிறி, அடுப்பு எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று வீடு வீடாகப் போய், பெண்களிடம் பேசி, இவற்றை எடுத்துக்கொள்ள வைப்பது என் வேலை. ஆண்களைச் சமையலறைக்குள் விடமாட்டார்கள், அதனால் என்னைப் போட்டார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் தங்கைகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். வேலை போனால் எங்கள் பாடு அதோகதிதான்.

யுத்தம் எனக்கு உதவி செய்தது என்று சொன்னால் பாவம், ஆனால் அதுதான் உண்மை. விறகு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் பச்சை விறகு. ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்பவர்களிடம் "புகையே வராதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுப்பைக் கம்பெனி வாடகைக்கே கொடுத்தது. தெருவுக்குத் தெரு கம்பம் நட்டார்கள். கம்பெனியே என்னால்தான் வளர்கிறது என்று எனக்கு ஒரே மிதப்பு.

அந்த மிதப்பை இறக்கியவள் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மாமி. அவள் வீட்டில் அடுப்பை வைத்துவிட்டு வந்த மறுநாள் காலையே ஃப்யூஸ் போய்விட்டது. கம்பெனி ஒயர்மேனோடு நானும் ஓடினேன். வீடு முழுக்க வறட்டி எரித்த வாடை. நான் அடுப்பைக் கூடத்துக்குத் தூக்கி வந்ததும், ஒயர்மேன் குனிந்து பார்த்துவிட்டு அலறினார்.

"யம்மா, இன்னாம்மா இது! அடுப்புல சாணி கீது!"

முந்தின ராத்திரி சமையல் முடிந்ததும் மாமி அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, மேலே கோலமும் போட்டிருந்தாள். சுருள் கம்பி இடுக்கெல்லாம் சாணி.

"மாமி, இதைப் போய் யாராவது மெழுகுவாங்களா?"

"ஏண்டி, நீதானே இதை அடுப்புன்னே? அடுப்புன்னா மெழுகாம எப்படிடி விடறது? மெழுகாத அடுப்புல பண்ணினதை ஸ்வாமிக்கு நைவேத்யம் பண்ணச் சொல்றியா?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்ததால் இன்னும் கோபம். வெள்ளைக்காரன் ஊரில் செய்த அடுப்பு. சாணியைப் பற்றி அவன் எங்கே யோசித்தான்?

"இன்னொரு புகார் வந்தால் நீ வீட்டோடு இருந்துவிடலாம்" என்றார் ஷோரூம் மேனேஜர். வந்தால்தானே! மறுநாளே ஒரு மரப் பலகையோடு போய், ரிப்பேர் ஆன அடுப்பை அதன் மேல் வைத்தேன்.

"பிளக்கைப் பிடுங்குங்க மாமி. அடுப்பைத் தூக்கி ஓரமா வையுங்க. பலகையை ஆசை தீர மெழுகுங்க, கோலம் போடுங்க. காஞ்சப்புறம் அடுப்பை எடுத்து மேலே வையுங்க."

மாமி யோசித்தாள். "பேஷா இருக்கே!" என்றாள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் அடுப்போடு பலகையும் சேர்த்தே கேட்டார்கள். பலகை தன்னுடைய யோசனை என்று மேனேஜர் கம்பெனியின் வெள்ளைக்காரப் பெரிய துரையிடம் சொல்லிக்கொண்டாராம். சொல்லிக்கொள்ளட்டும், என் வேலை தப்பியது.

பிறகு கம்பெனியே போயிற்று. சுதந்திரம் வந்த சமயம், சர்க்கார் அதை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஒயர்மேன்தான் முதலில் வந்து சொன்னார்.

"எனுக்கு இன்னாம்மா, கம்பம் ஏறத் தெரிஞ்சவன் எங்க வோணா ஏறுவான். நீ இன்னா பண்ணப் போறே?"

அதுதானே! ஊரில் இருக்கிற கரண்டே எல்லோருக்கும் போதவில்லை. பேசிப் பேசி அடுப்பைத் தலையில் கட்டுகிறவள் இனி யாருக்கு வேண்டும்? ஷோரூம் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லத் தைரியமும் வரவில்லை.

ஒருநாள் சர்க்கார் அனுப்பிய புது அதிகாரி கூப்பிட்டு விட்டார்.

"உங்களுக்கு இங்கே என்ன வேலை?"

"ஜனங்களைக் கரண்ட் செலவழிக்க வைக்கிறது சார்." வேறு எப்படிச் சொல்வது?

அவர் சிரித்துவிட்டார். "செலவழிக்காம இருக்க வைக்க முடியுமா?"

"முடியும் சார்!" அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். எப்படி என்று யோசிக்கவேயில்லை.

ஆக, அதே தெருக்கள், அதே வீடுகள், பேச்சு மட்டும் தலைகீழ். முதலில் மாட வீதி மாமியிடம்தான் போனேன்.

"மாமி, விளக்கு வைக்கிற நேரத்துல அடுப்பைப் போடாதீங்க. ஊருக்கே கரண்ட் பத்தலை."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விறகடுப்பை இடிச்சுப் போடுங்கோன்னு நின்னவளே நீதானேடி!"

"அது கம்பெனி மாமி. இப்போ சர்க்கார்."

"உனக்கு வேலை போகலையோன்னோ?"

"போகலை மாமி." வேலை தங்கியதா என்று என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"அது போறும். உட்காரு" என்று சொல்லிவிட்டு, காபிக்கு வெந்நீர் வைக்க அடுப்பின் ஸ்விட்சைப் போட்டாள். வெளியே தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. நான் உட்கார்ந்தேன். காபி நன்றாக இருந்தது.