இளைய ராணியின் முழங்கால்

"தலைய ஆட்டாதீங்க தம்பி" என்றபடி எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியை வளைத்துப் பார்க்கிறார். உதட்டோரத்தில் ஒரு பொடித் திருகாணி. அதைக் கடித்துக்கொண்டே அடுத்த வசனமும் வருகிறது: "என் மகன் ஆளட்டும். அவன் காட்டுக்குப் போகட்டும்!" காதைக் கொடுத்தவர் திடுக்கிட்டு விழிக்கிறார். "உங்கள இல்லப்பா, ராஜாகிட்ட சொன்னேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் இந்த அம்மாவுக்கு இருபது வருடம். கடை விட்டால் நாடகக் குழு. ஆண்டுக்கொரு முறை அரங்கேறும் இதிகாச நாடகத்தில், மூத்தவள் பிள்ளையைக் காட்டுக்கு விரட்டித் தன் பிள்ளைக்குப் பட்டம் கேட்கும் இளைய ராணி, பதினோரு வருடமாக இவர்தான். நாடகத்துக்கு மறுநாள் காய்கறிக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதைப் பாராட்டுப் பத்திரம் வாங்கியதுபோலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார்.

"என்ன இருந்தாலும் அவ சுயநலக்காரிதானே?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் போச்சு.

"ரெண்டு வரம் தர்றேன்னு அவராதான் சொன்னாரு. எப்ப வேணா கேளுன்னாரு. கேட்டேன். குடுத்தவரு நல்லவரு, கேட்ட நான் கெட்டவளா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

அந்த ராணியை 'அவள்' என்று இவர் சொல்லிக் கேட்டதில்லை. எப்போதும் 'நான்'தான்.

வீட்டிலும் கொஞ்சம் ராணித்தனம் உண்டு. ஜன்னலோர நாற்காலி இவருடையது. செய்தித்தாளை முதலில் பிரிப்பவரும் இவரே. ராஜா வேடம் கட்டுபவர் கணவர். பகலில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற, நாய் குரைத்தால் படி இறங்கிவிடுகிற மனிதர். "மேடையில மயங்கி விழறப்பதான் எனக்கு ஓய்வே" என்பார்.

இந்த வருடம் ராணியின் முழங்கால் மக்கர் செய்தது. நகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் கிடக்கும் ராணி, ராஜா "தந்தேன்" என்றதும் கையூன்றாமல் ஒரே வீச்சில் எழ வேண்டும். கைதட்டல் விழுகிற இடம் அது. இயக்குநர், கார் ஓட்டச் சொல்லித்தருபவர், பக்குவமாகத்தான் சொன்னார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஒத்திகையில எந்திரிச்சுக் காட்டுங்க. முடியலன்னா மூத்த ராணியா வாங்க, நின்னுகிட்டே அழுதா போதும். இத அந்தப் பல் டாக்டர் கிளினிக் பொண்ணு பண்ணட்டும்."

"அழறதா? நானா?"

வாரம் முழுக்கக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே விழுந்து எழுந்து பார்த்தார்.

"விட்டுடேம்மா" என்றார் கணவர், தைலத்தைத் தேய்த்தபடி.

"உங்களுக்கென்ன, விழுந்தா அப்படியே கெடக்கலாம். நான் எந்திரிக்கணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் பெண் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வளையல் பறந்தது, மாலை பறந்தது. ராஜா தழுதழுத்து "தந்தேன்" என்றார். ராணி எழவில்லை. முட்டி ஒருமுறை மடங்கிப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டது. இயக்குநர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

அப்போது ராணி, படுத்தபடியே, ராஜாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வலது கையை மட்டும் நீட்டினார். பதினோரு வருடமாக நாடகத்தில் இல்லாத சங்கதி. ராஜா பேந்தப் பேந்த விழித்தார். நீட்டிய கை இறங்கவில்லை. நாட்டையும் பிள்ளையையும் அப்போதுதான் பறிகொடுத்த மனிதர், வேறு வழியில்லாமல் குனிந்து, இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நின்றதும் ராணி புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அடிப்பாவி!" என்று கத்தியேவிட்டாள் கிளினிக் பெண்.

இயக்குநரின் கால், இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. "அக்கா, இதுதான்! இத மட்டும் மாத்திடாதீங்க."

திங்கட்கிழமை கடையில் ஒரு திருகாணி உருண்டு மேசைக்கடியில் போய்விட்டது. மண்டியிட்டுத் தேடி எடுத்து உதட்டோரத்தில் வைத்துக்கொண்டார். மேசைக்கு அந்தப் பக்கம், முதல்முறையாகக் கடைக்கு வந்திருந்த ஒருவர் கண்ணாடிக்காகக் காத்து நின்றிருந்தார். மேசைக்கடியிலிருந்து அவரை நோக்கி ஒரு வலது கை மட்டும் மேலே வந்தது.