கொட்டகைக்குள் வளர்ந்த கார்

காரும் கன்றுக்குட்டி மாதிரிதான், தீனி வைத்தால் வளரும் என்று ஏழு வயது வரை நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், சொன்னவர் என் மாமா. மல்லசமுத்திரத்துப் பக்கம் அம்மாவின் ஊரில் அவரிடம் மட்டும்தான் கார் இருந்தது. வண்டிக் கொட்டகையின் வாசல் நிலைக்கு அடியில் அது நுழையவில்லை என்று, முன்சக்கரத்து ஸ்பிரிங் வில்லில் இரண்டு இரும்புப் பட்டைகளைக் கழற்றி மூக்கைத் தாழ்த்தி வைத்திருந்தார். ஏன் குனிந்தே நிற்கிறது என்று கேட்டேன்.

“இன்னும் கன்னுதான் சாமி. பருத்திக்கொட்டை வெச்சுப் பாரு.”

வைத்தேன். முன்பக்கக் கம்பிகளுக்கு இடையே ஒரு பிடி.

சித்தியின் கல்யாணம் வந்தது. முகூர்த்தம் சேந்தமங்கலத்தில், மாப்பிள்ளை வீட்டில்; பெண் போவது மாமாவின் காரில். குழி விழுந்த சாலையில் தாழ்ந்த மூக்கு கல்லில் இடிக்குமே என்று, மாமா முந்தின நாள் ஆசாரியை அழைத்துப் பட்டைகளைத் திரும்பப் போடச் சொன்னார். வெளியே மழை, கொட்டகைக்குள்ளேயே வேலை முடிந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாது.

விடிந்ததும் காரைக் கிளப்பினால், கண்ணாடிச் சட்டம் நிலையில் முட்டி நின்றது. வளர்ந்தேவிட்டது!

“கூரையப் பிரிங்க! இன்னும் வளரும்!” என்று அலறிக்கொண்டு ஓடியவன், வெற்றிலைத் தட்டை மிதித்து, மேளக்காரர் மடியில் போய் விழுந்தேன்.

நிலையை அறுத்துவிடலாம் என்றார் ஒருவர். மஞ்சள் பூசிப் பூசை போட்ட வாசல் நிலைமேல் கல்யாணத்தன்று ரம்பத்தை வைப்பதா என்று வீடே பதறியது. பட்டையை மறுபடி கழற்ற நேரமில்லை. ஆசாரி தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்க, நல்ல கனமா நாலு பேரு முன்னால ஏறி உக்காருங்க. வில்லு அமுங்குனா வெளிய வந்துரும்.”

அந்தக் கூட்டத்தில் சட்டென்று கனமானவர்களே இல்லாமல் போனார்கள். பந்தியில் சோற்றுக்கூடையைத் தன் இலையருகிலேயே நிறுத்திவைக்கும் பெரியப்பாகூட, “நானென்னுங்க, காத்தடிச்சாப் பறந்துருவேன்” என்றார்.

தலை குனிந்து வாசலில் நின்றிருந்த சித்தி, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

“எல்லாரும் நல்லா மெலிஞ்சுதான் போயிட்டீங்க. நவுருங்க, நான் ஏறறேன்.”

மட்கார்டில் ஏறியே உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் பிடுங்க, பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தொற்றிக்கொண்டார்கள். வில் முனகியபடி அமுங்கியது. பின்னாலிருந்து தள்ள, நிலையை உரசிக்கொண்டு கார் வெளியே வந்தது. அவர்கள் இறங்கியதும் மூக்கு மறுபடி உயர, நான் இன்னொரு முறை ஓடினேன்.

கல்யாணப்பெண்ணுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று ஊர் முழுக்கச் சிரித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் விளங்கவில்லை. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது.