பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள்

இராமதாஸ் கம்ப்யூட்டரில் முதலில் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வேலைதான். திரையின் மேலே ஒரு பச்சைப் பட்டை இருக்கும். அதைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கும். அதில் ‘அப்பா’ என்ற பெயரைத் தட்ட வேண்டும். மற்றதை அந்த சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். மெயில் தளத்தைத் திறந்து, பெயருக்கான கட்டத்தில் அவர் பெயரை நிரப்பி, அடுத்த கட்டத்தில் பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகளை வரிசையாக வைத்து, அவரை உள்ளே கொண்டுபோய் விடும்.

இதை அமைத்துக் கொடுத்தவள் மகள் ஹேமலதா. 2005இல் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பும் முன், ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி ரெட்டியார்பாளையம் வீட்டில் வைத்தாள். அப்பா பெயரில் மெயில் கணக்கு தொடங்கினாள். கேட்ட விவரங்களையெல்லாம் அவளே நிரப்பினாள்.

“பாஸ்வேர்ட ஒரு சீட்டுல எழுதித் தரட்டுமாப்பா?”

“எதுக்கு? அதான் இதே போட்டுக்குதே. உங்கம்மாவ விட நல்லா ஞாபகம் வச்சிருக்குது.”

“எனக்கு ஞாபகம் இல்லன்னா நீங்க வெறும் வயித்தோடதான் டூட்டிக்குப் போவணும்” என்று சமையலறையிலிருந்து ஆதிலட்சுமியின் குரல் வந்தது.

“இல்லப்பா, இது இந்த சாஃப்ட்வேரே உண்டாக்குன பாஸ்வேர்ட். என்னான்னு எனக்கே மனசுல நிக்காது. எழுதி வச்சிக்கிறது நல்லது.”

“அப்புறம் பாத்துக்கலாம் விடு.”

இராமதாஸ் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை வேலை போன பிறகு ஒரு மருந்துக் கிடங்கில் காவலாளியாக இருந்தார். அவரை நல்ல அப்பா என்று சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. ஷிப்டுக்குப் போனார், வந்தார், தூங்கினார். மகள் என்ன படிக்கிறாள் என்பதைப் பிறர் கேட்டால் சொல்லும் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தார். அவரோடு அவள் அதிகம் பேசியதே சென்னைக்குப் போன பிறகுதான், அதுவும் மெயிலில்.

வாரம் ஒன்றாவது வரும். ஆங்கில எழுத்துகளில் தமிழ். அவர் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பார். ‘ஹாஸ்டல் சாம்பார்ல முருங்கக்காயத் தேடிட்டிருக்கேன். கெடச்சா போட்டோ எடுத்து அனுப்பறேன்.’ அவருடைய பதில் எப்போதும் ஒரே சொல்: சரி. ஒருமுறை அவள் எழுதினாள்: ‘ப்பா, ஒரு நாளாச்சும் சரிய விட்டுட்டு வேற எதாவது எழுது. உன்னப் பத்தி எழுது.’ அதற்கும் அவர் சரி என்றே பதில் போட்டார்.

2006 டிசம்பரில், சனிக்கிழமை அவள் ஊருக்கு வந்துகொண்டிருந்த வேன் கடற்கரைச் சாலையில் ஒரு லாரியில் மோதியது. ஹேமலதாவுக்கு இருபத்து நான்கு வயது.

அதன்பின் இராமதாஸ் தினமும் டூட்டி முடிந்து வந்து, கைகால் கழுவி, கம்ப்யூட்டர் முன் உட்காருவார். பச்சைப் பட்டை, ‘அப்பா’, பன்னிரண்டு புள்ளிகள். மொத்தம் அறுபத்து மூன்று மெயில்கள். ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் படிக்க மாட்டார். கடைசி மெயிலை முடித்தால் மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார். ஆதிலட்சுமி பக்கத்தில் வந்து நிற்பாள். அன்றைக்கானதை அவர் வாய்விட்டுப் படிப்பார்.

மறு ஆண்டு ஆயுத பூஜை வந்தது. ஆலையில் அந்த நாளுக்கு முன் ஒவ்வொரு தறியையும் பிரித்துத் துடைத்து, பழுது பார்த்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் பொட்டு வைப்பார்கள். சரியாக ஓடாத மிஷினுக்குப் பூஜை போடுவது அவரைப் பொறுத்தவரை அதை அவமதிப்பது. கம்ப்யூட்டரோ சில மாதமாகத் திணறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் எழிலரசனைக் கூப்பிட்டார்.

“வைரஸ் ஏறிப் போயிருக்குதுண்ணே. ஃபார்மட் அடிச்சாதான் சரியாவும். எதெல்லாம் காப்பி எடுக்கணும்?”

“பாப்பா போட்டோ இருக்கு. அத எடுத்துரு. மெயிலு?”

“மெயிலு நெட்லதான இருக்கு. அது எங்கயும் போவாது.”

அவன் சொன்னது பொய்யில்லை. மெயில்கள் எங்கும் போகவில்லை. ஆனால் பூஜை முடிந்த மறுநாள், சந்தனப் பொட்டோடு வேகமாகத் திறந்த திரையில் பச்சைப் பட்டை இல்லை. எழிலரசன் திரும்ப வந்து அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தான். பட்டை வந்தது. தட்டினால் பட்டியல் காலியாக இருந்தது.

“அந்த லிஸ்ட்டு இந்தப் பொட்டிக்குள்ளயே இருந்திருக்குதுண்ணே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பனே.”

“அந்த மெயிலு கம்பெனிக்காரனுக்கே என்னை அடையாளம் தெரியும்னு நெனச்சிட்டிருந்தன் தம்பி” என்றார் இராமதாஸ்.

மூலக்குளத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த துர்கா ஒரு வழி சொன்னாள். பாஸ்வேர்ட் மறந்தவர்களிடம் தளம் ஒரு கேள்வி கேட்கும். கணக்கு தொடங்கியபோது கொடுத்த பதிலைச் சொன்னால் உள்ளே விடும். ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் முயலலாம். நான்கு மாதம் திறக்காமல் கிடந்தால் கணக்கையே அழித்துவிடுவார்கள்.

கேள்வி வந்தது. துர்கா தமிழில் சொன்னாள்: “உங்களுக்கு ரொம்பப் புடிச்ச எடம் எது?”

இராமதாஸ் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. “என்னப் பத்தினதுதானே? மில்லுன்னு போடும்மா.”

இல்லை என்றது. பிறந்து வளர்ந்த அரியாங்குப்பம்? இல்லை. கடற்கரை? அதுவும் இல்லை. அன்றைய மூன்று முடிந்தது.

“அண்ணே, உங்களுக்கு எது புடிக்கும்னு யோசிக்காதீங்க. உங்களுக்கு எது புடிக்கும்னு இத நெரப்புன உங்க பொண்ணு நெனச்சிருப்பா? அத யோசிங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்.

“என்னக் கேட்டா மில்லுன்னுதான் சொல்லுவேன். அது தப்பாப் போச்சில்ல? அப்ப எனக்குத் தெரியாத என்னமோ அவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் ஆதிலட்சுமி.

நம்மை நேசித்தவர்கள் நம்மைவிட நம்மை நன்றாக அறிந்திருப்பார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அவள் அவசரத்தில் வாயில் வந்த ஊர்ப் பெயரைப் போட்டிருக்கலாம். இராமதாஸ் அப்படி நினைக்கவில்லை. அவள் யோசித்து ஒன்றை எழுதியிருக்கிறாள், அதைக் கண்டுபிடிக்கத் தன்னால் முடியவில்லை என்றே நினைத்தார். தினமும் மூன்று இடங்களோடு சென்டருக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து மீன் வாங்கப் போன தேங்காய்த்திட்டு. அவள் பள்ளிக்கூட வாசல். தாவரவியல் பூங்கா. வீடு என்றும் ஒரு நாள் போட்டுப் பார்த்தார். வீடும் இல்லை என்றது.

தை பிறந்ததும் அவரிடம் இடங்கள் தீர்ந்துபோயின. போட்டதையே மறுபடி போட்டார். துர்கா அதையும் அடித்துக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் கேள்வி வரவில்லை. அப்படி ஒரு பெயரே இங்கு இல்லை என்று வந்தது.

இராமதாஸ் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். துர்கா அந்தப் பெயரை இன்னொரு முறை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அதே பேரு இப்ப காலியா இருக்குதுண்ணே. புதுசா எடுத்துத் தரட்டுமா? பேராச்சும் இருக்கட்டும்.”

அவர் தலையசைத்தார். படிவம் திறந்தது. பெயர், ஊர், பிறந்த நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவள் நிரப்பினாள். “பாஸ்வேர்ட் இந்தத் தடவ நீங்களே சொல்லுங்க” என்றாள். ‘ஹேமலதா’ என்றார். ஒன்பது புள்ளிகள் விழுந்தன. கீழே அதே கேள்வி இருந்தது.

“புடிச்ச எடம்… என்னா போட?”

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ண்ணே?”

“அத அப்பிடியே விட்டுடும்மா.”

“காலியா விட்டா ஒத்துக்காதுண்ணே. ரெட்டியார்பாளையம்னு போட்டுடட்டுமா? எதாச்சும் ஒண்ணு.”

வெறும் கட்டத்தில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதாச்சும் ஒண்ணு வேணாம்மா” என்றார். “மூடிடு.”