ஸ்டெல்லா டீச்சரும் மரவள்ளிக் குச்சிகளும்

செய்தி வந்தபோது காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா டீச்சரின் தம்பிதான் போனில் பேசினார். "அக்கா போய்ட்டாங்க சார்." மருத்துவ விடுப்பில் ரிஷிவந்தியம் போனவர் சீக்கிரம் திரும்பிவிடுவார் என்றுதான் நம்பியிருந்தோம். கல்வராயன் மலையில் எங்கள் பள்ளிக்கு ஆசிரியர்களே இரண்டு பேர். இனி நான் ஒருவன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் லேசில் பதில் சொல்லமாட்டார். "நீயே பாத்துட்டு வந்து சொல்லு" என்பார். பக்கத்து வகுப்பில் இருக்கும் எனக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுக்கும். "ஏன் சார் அவசரம்? பதில் எங்க ஓடிப்போவுது?" என்று கிண்டல் செய்வார். அந்தக் குரலுக்காக இப்போதும் காது அந்தப் பக்கமே போகிறது.

அந்தப் பிடிவாதம் ஒருமுறை அவரை வம்பில் மாட்டிவிட்டது. மரவள்ளிக் குச்சியில் முதலில் வருவது வேரா, துளிரா என்று மூன்றாம் வகுப்பு பூங்கொடி கேட்டாள். வழக்கமான பதில்தான் கிடைத்தது. அவள் நேரே அவர்களுடைய மரவள்ளிக் கொல்லைக்குப் போய், அப்பா புதிதாக நட்டிருந்த குச்சிகளில் ஒரு வரிசையையே பிடுங்கிப் பார்த்துவிட்டாள். மறுநாள் அவள் அப்பா பள்ளி வாசலில் நின்று கத்தினார்.

"வருசம் பூரா அத நம்பித்தான் இருக்கறோம். படிச்சுக் கிழிச்சது போதும். இனிமே இவள அனுப்பமாட்டேன்."

டீச்சர் வாதாடவில்லை. சாயங்காலமே கொல்லைக்குப் போய், பூங்கொடியோடு சேர்ந்து குச்சிகளைத் திரும்ப நட்டார். நானும் முனகிக்கொண்டே நட்டேன். நடுவில், "புடுங்காம வேரப் பாக்க முடியாதா பூங்கொடி?" என்று கேட்டார். அவள் வெகுநேரம் யோசித்து, "கண்ணாடி பாட்டில்ல நட்டா தெரியுங்க டீச்சர்" என்றாள். வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலி பாட்டில் ஒன்றைக் கழுவி, மகள் கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார்.

அடக்கத்துக்குப் பூங்கொடியும் அவள் அப்பாவும் ரிஷிவந்தியத்துக்கு பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் பூங்கொடி டீச்சரின் கையைத் தொட்டாள்.

"ஏன் சார் இவ்ளோ சில்லுனு இருக்கு?"

சத்தமாகவே கேட்டுவிட்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மா, "ச்சூ, சும்மா இரு" என்று அதட்டினார்.

"கேக்கட்டும், வுடுங்கம்மா," என்றார் அவள் அப்பா.

டீச்சர், அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து வந்து, வழக்கம்போல் பதில் சொல்லாமல் அவளையே திருப்பிக் கேட்கமாட்டீர்களா என்று ஏங்கினேன். அவளை வெளியே கூட்டிப்போனேன். அவளுடைய கை என் கைக்குள் சூடாக இருந்தது. அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அவள் கேள்வியும்தான் நீங்கள் எனக்கு விட்டுப்போனவை.