அவனுக்கு வந்த துக்கக் கடிதங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பூந்தமல்லி தாலுகா ஆபீஸ் வாசலில் டீ கிளாஸ் கழுவினேன். அதே வாசலில் சொந்தமாக டீக்கடை போட்டேன். பிறகு ஆவடி ஸ்டேஷன் பக்கம் எஸ்.டி.டி. பூத் பிடித்து, தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில் அதையே பிரவுசிங் சென்டராக மாற்றினேன். எங்கள் ரோட்டில் அதுதான் முதல் சென்டர். இல்லை என்பவர் நேரில் வந்து சொல்லட்டும். டிகிரி வாங்கியவர்களெல்லாம் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏ.சி. ரூமுக்குள் போனார்கள்.

அந்த ரூமில் உட்கார்ந்துதான் இன்டர்நெட்டில் உலகத்துக்கே ஒரு மெயில் குழுவை உண்டாக்கினேன். புதையல் குழு.

புதையல் எங்கள் அப்பாவுடையது. அதாவது, அவர் தூக்கிப் புதைத்தது. சண்டைக் காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிய நேரம், முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இருந்த வெள்ளைக்காரன் முகாமில் அப்பா கூலி வேலை பார்த்தார். ஒருநாள் அவரையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டு, ஒரு இரும்புப் பெட்டியை இரண்டு பனைமரத்துக்கு நடுவில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார்களாம். குழிக்குள் இறக்கும்போது கயிறு நழுவி அப்பாவின் சுண்டுவிரல் நசுங்கியது. அந்த விரல் கடைசிவரை மடங்கவில்லை. பனைமரங்கள் போய், காம்பவுண்டு சுவர் வந்துவிட்டது. பெட்டி சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்று யாருக்கும் தெரியாது. அதுதான் மர்மம்.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் அப்பா சிரிப்பார். "தூக்குறப்ப லொடலொடன்னு கத்துச்சுடா. பொன்னு அப்டியா கத்தும்? நட்டு போல்ட்டு எதுனா இருந்திருக்கும்." இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழு மறுநாளே கலைந்துவிடும். வியாபாரம் தெரிந்தவன் நான்.

எனக்கு இங்கிலீஷ் வராது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஒரு டைப்பிஸ்ட், மதுரைப் பக்கத்து ஆள், சாயந்திரம் ஷிப்ட் முடிந்து கடைக்கு வருவான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவன் இங்கிலீஷில் அடிப்பான். குழுவைத் திறந்ததும் அவன் மெயில் முகவரியில்தான். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்களை எத்தனை வருஷம் பார்த்தவன் நான்! "நான் இன்னார், என் நிலம், என் தகப்பனார்" என்றுதான் எழுதுவார்கள். கீழே கைநாட்டு வைப்பவன் வேறு ஆள். எழுதியவன் பேர் மனுவில் எங்கேயும் வராது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

குழு வளர்ந்தது. சிங்கப்பூரில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார், லண்டனில் ஒரு வெள்ளைக்கார அம்மா, அமெரிக்காவில் நம் பிள்ளைகள் பலபேர். பனைமரம் ஏரியிலிருந்து எவ்வளவு தூரம், பெட்டியில் பூட்டு இருந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன்.

"இன்னாடா, மறுபடியும் அந்தப் பொட்டியா?" என்பார் அப்பா.

"நைனா, லண்டன்ல உன்னப்பத்தித்தான் பேசிகினு கீறாங்க!"

"லண்டன்ல இன்னா, சோறு பொங்கலியா அவங்க?"

ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பதில் சொல்வார். மாடு மேய்த்து, மண் சுமந்து, யாரும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் கிழவரான மனுஷன். அவரை உலகம் விசாரிக்கிறது, அதைச் செய்தவன் நான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா இறந்தார். அன்றைக்கே டைப்பிஸ்டிடம் சொல்லி, குழுவில் செய்தி போடச் சொன்னேன். காரியமெல்லாம் முடித்து, மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தேன். டைப்பிஸ்ட் அன்று வரவில்லை. கடையைப் பார்த்துக்கொண்ட பி.காம். பெண்ணிடம், "குழுவுல இன்னா எழுதியிருக்காங்க, படிம்மா" என்றேன். வரிசையாக துக்கக் கடிதங்கள். லண்டன் அம்மா அந்தச் சுண்டுவிரலை நினைத்து அழுதாளாம். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பெண் படிப்பதை நிறுத்தினாள். "அண்ணே, இதெல்லாம் டைப்பிஸ்ட் அண்ணன் பேருக்கு வந்திருக்கு. அவரோட அப்பா இறந்துட்டதா நெனச்சிகினு எழுதியிருக்காங்க."

மறுநாள் வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். "செத்தது யாரு அப்பன்டா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? நீங்க சொன்னதைத்தானே அடிச்சேன். 'எங்கப்பா'ன்னு சொன்னீங்க, 'எங்கப்பா'ன்னு அடிச்சேன்."

"எம்பேர் எங்க?"

"போடச் சொல்லலையேண்ணே."

"இப்ப போடு."

அவன் கீபோர்டைத் தொடவில்லை. "இப்பப் போயி நான் மகன் இல்லைன்னு சொன்னா, பெட்டியும் பொய்னு சொல்லிருவாங்கண்ணே. குழுவே போயிரும். அப்பா பேரு நல்லா இருக்கணும்னா இப்படியே இருக்கட்டும்."

யாருடைய அப்பா பேருடா, எந்த இடத்தில் இருக்கிறது அந்தப் பேரு? சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். அவனுக்கென்ன, ரோட்டில் அதற்குள் இன்னும் இரண்டு சென்டர் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணை வைத்து எனக்கென்று ஒரு முகவரி திறந்து எழுதினேன். நான்தான் மகன், அவன் டைப்பிஸ்ட், விரல் நசுங்கியது என் அப்பாவுக்கு. ஒரே நாளில் பதில் வந்தது. துக்க வீட்டில் வந்து இப்படி விளையாடுகிறவன் மனுஷனா என்று அமெரிக்காப் பிள்ளை ஒருவன் கேட்டிருந்தான். லண்டன் அம்மாகூட, பாவம், அவனுக்குத்தான் ஆறுதல் சொன்னாள். என்னை நீக்கிவிட்டார்கள். நான் உண்டாக்கிய குழுவிலிருந்து என்னையே!

எழுதத்தான் முடியாது, படிக்க யாருக்கும் தடை இல்லை. கொஞ்ச நாள் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சிங்கப்பூர் வாத்தியார், பெட்டிக்குள் என்ன இருந்ததென்று அப்பா கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருந்தார். அவனுடைய பதிலை அந்தப் பெண் படித்தாள்: "உயிர் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கம் என்றார்."

அப்பா போனபோது கையைப் பிடித்திருந்தவன் நான். அவர் தண்ணீர்தான் கேட்டார்.

லொடலொட என்று கத்திய பெட்டியைப் பற்றி இப்போது சொல்லலாம் என்று எழுந்தேன். யாரிடம் சொல்வது? அதைச் சொல்ல மகனாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தேன்.